சங்கரம்மாளுக்கு நான் நிரப்பிய படிவம்

1. செப்டம்பர், முதல் ஞாயிறு

கைரேகை மெஷின் ஐந்தாவது தடவையும் மறுத்தபோது மணி பதினொன்று இருபது. டைரியில் குறித்திருக்கிறேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக பில் போட உட்காருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன்.

அது தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. மெஷின் முன்னால் இருந்தவர் சங்கரம்மாள். எழுபத்து நான்கு வயது, தனி ஆள் கார்டு, ஒரே மகன் திருப்பூரில். காலமெல்லாம் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றியதில் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

“பெரியம்மா, ஒங்க வெரலு டிமிக்கி குடுக்குது. நாங்க போயி உலை வைக்கணும்ல!” என்றாள் பின்னால் நின்ற மாரியம்மாள், அவருடைய பக்கத்து வீட்டுக்காரி.

“வைடி. ஒம் மாமியா என்ன பட்டினியாவா கெடக்கா?”

வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தம்மா மாதத்தில் பாதி நாள் கடைக்கு வருவார். அரிசிக்கு ஒரு நாள், பருப்புக்கு ஒரு நாள், மற்ற நாளெல்லாம் பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்க. அவருக்கும் அலைச்சல், எனக்கும் தொந்தரவு. அன்று மாலையே, அவருக்குப் பதிலாக மாரியம்மாள் பொருள் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவத்தை நிரப்பினேன்.

“வேணாம் தம்பி. நான் நடந்து வந்துருவேன்.”

“எதுக்கும்மா ஒங்களுக்கு இந்தப் பாடு? மாரியம்மா வாங்கியாந்து வாசல்ல வச்சிரும்.”

பேனாவை நீட்டினேன். சங்கரம்மாள் கையெழுத்துப் போட்டார். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

2. ஜனவரி, ஒரு புதன்

கார்டுதாரர்களை நேரில் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. வராதவர்களின் வீட்டுக்கு மெஷினோடு போனேன். காலை பத்தரை மணி. கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அந்தத் தெருவில் பேச்சுச் சத்தமே இருக்காது.

சங்கரம்மாள் கதவைத் திறந்தார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சுவரோரம் நான்கு மாத அரிசி நான்கு பையில் இருந்தது. கட்டிய முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. முதல் பையின் மேல் வண்டு ஊர்ந்தது.

“சமைக்கிறதில்லையாம்மா?”

“ஒத்த ஆளுக்கு என்னத்தச் சமைக்க? டீ இருக்கு, ரஸ்க்கு இருக்கு.”

“ஒடம்புக்கு முடியலையா?”

“ஒடம்புக்கு என்ன? முன்ன கடைக்கு வந்தா அம்புட்டுப் பேரும் கேப்பாளுக, இன்னைக்கு என்ன கொழம்புன்னு. அவளுகளுக்குச் சொல்றதுக்காகவாவது வைப்பேன். இப்ப யாரு கேக்கா?”

“கடைக்குச் சும்மா வந்திருக்கலாமே?”

“கார்டு மாரியம்மா கையில இருக்கு. கார்டு இல்லாம வந்து நின்னா, சோலி இல்லாத கெழவின்னு நீங்களே சொல்ல மாட்டீகளா?”

சொல்லியிருப்பேன்.

“மாரியம்மா வந்து பேசுறதில்லையா?”

“அவ விடியக்கால வேன் ஏறுனா பொழுதடைஞ்சுதான் வாரா. ஞாயித்துக்கெழம அவ வீட்டு வேலைக்கே சரியாப் போயிருது. மழ பேஞ்சு கம்பெனி லீவு விட்டாத்தான் எனக்கு மனுச மொகம். அவளுக்குக் கூலி போகும்னு தெரிஞ்சேதான் மழைய வேண்டுறேன். பாவம்தானே தம்பி?”

“இனிமே நீங்களே வாங்கம்மா. புதன்கெழம வாங்க, கூட்டமே இருக்காது” என்றேன்.

“கூட்டமில்லாத கடைக்கு நான் எதுக்கு வரணும்?”

3. பிப்ரவரி, முதல் ஞாயிறு

அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டேன். சங்கரம்மாள் வெளுத்த சேலை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி வரிசையில் நின்றார். ரேகை மூன்று தடவை விழவில்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்க விதியில் இடம் உண்டு. நேரம் பிடிக்குமென்று நான்தான் தவிர்த்துவந்தேன். அன்று எழுதினேன். வரிசை முணுமுணுத்தது.

பொருள் வாங்கியபின் அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கடையைச் சாத்தும்போது, மாரியம்மாள் அவருடைய அரிசிப் பையையும் சேர்த்துத் தூக்கினாள்.

“ஏடி மாரி, போனதும் ஒரு உருண்ட புளி குடு. வீட்ல பொட்டுப் புளி இல்ல.”

“இந்நேரம் புளி எதுக்கு?”

“பின்ன, பல்லு வெளக்கவா?”

இருவரும் சண்டை போட்டபடியே தெருவில் இறங்கிப் போனார்கள்.

புதியவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயதானவர் வேண்டாம் என்றால் அந்தப் படிவத்தை நிரப்பாதீர்கள். நடக்கவே முடியாதவராக இருந்தால் நிரப்பத்தான் வேண்டும். அப்போது, பொருள் வாங்கிப் போகிறவரிடம் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.