மூச்சை விடச் சொன்னவள்

வீட்டில் அவள் சின்னவள். ஸ்கேன் சென்டரில் மைக்கம்மா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

நெஞ்சை ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் குறுகலான பலகையில் மல்லாந்து படுப்பார்கள். பலகை அவர்களை மெஷினின் வட்ட வாய்க்குள் கொண்டுபோகும். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து சின்னவள் மைக்கில் மூன்று இங்கிலீஷ் சொற்களைச் சொல்வாள். ‘ப்ரீத் இன்’ என்றால் மூச்சை இழுக்க வேண்டும். ‘ஹோல்ட்’ என்றால் அடக்க வேண்டும். ‘ரிலாக்ஸ்’ என்றால் விடலாம். நடுவில் மூச்சு விட்டால் படம் கலங்கிப்போகும்.

சேர்ந்த புதிதில் தமிழில்தான் சொல்லிப் பார்த்தாள். “மூச்சை அடக்குங்க” என்றால், “எவ்வளவு நேரம்மா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒருவர் “எதுக்கு?” என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தமிழில் சொன்னால் ஆளாளுக்கு நியாயம் கேட்கிறார்கள், இங்கிலீஷில் சொன்னால் கல் மாதிரி கிடக்கிறார்கள். இந்தச் சூட்சுமத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானே கண்டுபிடித்தாள். அதன்பிறகு ஒவ்வொருவரையும் படுக்க வைக்கும் முன் பக்கத்தில் நின்று, தானும் சேர்ந்து மூச்சை அடக்கி, மூன்று சொல்லையும் பழக்கிவிடுவாள். அவள் எடுத்த படத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லி எந்த டாக்டரும் அனுப்பியதில்லை.

ஆலைக்காரம்மா வந்தது ஒரு மழைநாளில். நூலாலையில் நின்றே கால் வீங்கிய பொம்பளை. இருமலோடு வந்திருந்தாள்.

“எங்கம்மாவுக்குப் பழக்கவே வேணாம்,” என்றாள் கூட வந்த மகள். “சங்கு ஊதினா சாப்பிடுவாங்க, சங்கு ஊதினா எழுந்திருப்பாங்க. வேலையை விட்டு நின்ன பிறகும் காது அங்கயேதான் இருக்கு.”

“நான் சொல்லி நீ ஒரு நாளாவது எழுந்திருக்கியாடி?” என்றாள் அம்மா.

சின்னவள் “ஹோல்ட்” என்றாள். அடுத்த நொடி கரண்ட் போனது. தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. மைக் செத்துவிட்டது. அவள் வெளியே ஓடி, ஜெனரேட்டரைப் போடச் சொல்லி வாட்ச்மேனைச் சத்தம் போட்டுவிட்டு டார்ச்சோடு உள்ளே வந்தாள். ஆலைக்காரம்மா கன்னம் உப்ப, முகம் கறுத்து, மைக் சத்தம் வரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“அம்மா, விடுங்க.”

விடவில்லை.

“ரிலாக்ஸ்.”

உடனே விட்டாள். இரைக்க இரைக்க, “நீ சொல்லலியேம்மா,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

சின்னவள் வீட்டில் வந்து நடித்துக் காட்டியபோது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “நீ முதல்ல அந்தம்மாகிட்டதான் போயிருக்கணும்,” என்றாள்.

குளிர்காலம் வந்தபோது ஆலைக்காரம்மாவின் மகள் மட்டும் தனியாக ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். இனி செய்ய ஒன்றுமில்லை என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“மூச்சைப் பிடிச்சு வச்சுக்கிறாங்க, அக்கா. நாங்க என்ன சொன்னாலும் விடமாட்டேங்கறாங்க. நினைவு இருந்தப்ப கேட்டதுக்கு, ‘அந்தப் பொண்ணு இன்னும் சொல்லல’ன்னாங்க. நீங்க வந்து சொல்லிடுங்க.”

சாகப்போகிறவர்களின் மூச்சு நின்று நின்றுதான் வரும் என்பது சின்னவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தாள். மகள் நகரவில்லை. சின்னவள் மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அவள் பின்னால் போனாள்.

மாடியில் ஒரே அறை. கட்டிலுக்கு மேலே கொடியில் நாலைந்து துவைத்த புடவைகள். ஆலைக்காரம்மா கண் பாதி திறந்திருக்க, பாயோடு பாயாகக் கிடந்தாள். மூச்சு ஏறியது, இறங்கியது, மெலிந்தது, நின்றது.

“இப்ப,” என்றாள் மகள்.

“ரிலாக்ஸ்,” என்றாள் சின்னவள்.

மூச்சு வந்தது.

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி நின்றது. சின்னவள் மறுபடி சொன்னாள், மறுபடி வந்தது. சொல்லாமல் விட்டாலும் வரும் என்று அவள் படித்த படிப்பு சொன்னது. ஆனால் சொல்லாமல் விட்டுப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் தன் மூச்சையும் தானே அடக்கிக்கொண்டிருப்பதை நெஞ்சு வலித்தபோதுதான் கவனித்தாள். ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

அக்கா போன் செய்தாள். “எங்கடி இருக்க?”

“இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு.”

“சாப்பிட்டியா?”

பதில் சொல்வதற்குள் மூச்சு நின்றது. போனைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“நீங்க போயிட்டா யாரு சொல்லுவா?” என்றாள் மகள்.

“நீயே சொல்லு. பழக்கித் தரேன்.” மைக்கில் சொல்கிற மாதிரி, இழுக்காமல், கெஞ்சாமல் எப்படிச் சொல்வது என்று காட்டினாள். மகள் சொன்னாள். வந்தது. முதல்முறையாக மகள் முகம் தெளிந்தது. “பாத்தீங்களா, நான் சொல்லியும் கேக்கறாங்க.”

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. மகள் சொன்னாள். வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். குரல் கெஞ்சலாகிவிட்டது.

“நீங்க சொல்லுங்கக்கா.”

சின்னவள் குனிந்தாள். வாயில் அந்த இங்கிலீஷ் சொல் வரவில்லை. பலகை வெளியே வந்ததும் எல்லோரிடமும் மைக்கில் சொல்வதுதான் வந்தது. “முடிஞ்சதும்மா. போலாம்.”

நீளமாக ஒரு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“கேட்டுட்டாங்க,” என்றாள் மகள். அழுகையிலும் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

சின்னவளுக்கு இல்லை. இன்றும் கடைசிப் படம் எடுத்து முடித்ததும் “போலாம்” என்று மைக்கில் சொல்ல மாட்டாள். எழுந்து உள்ளே போய், கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, ஆள் மூச்சு விடுவதைப் பார்த்தபிறகுதான் சொல்வாள். தமிழில் சொன்னால் யாரும் உடனே கேட்பதில்லை என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தாள். அந்தம்மா மட்டும் ‘எதுக்கு’ என்று கேட்கவில்லை.