காராச்சேவுத் தாளில் வந்த அழகி

“…அப்ப அங்கயும் துணிக்குக் கட்டுப்பாடுதான் போலருக்கு மதினி. பாவம், முழங்காலுக்குக்கூட எட்டல,” என்றார், என் தங்கையைப் பெண் பார்க்கப் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா.

அவர் மடியில் கிடந்தது நான் காராச்சேவு வாங்கி வந்த பத்திரிகைத் தாள். சேவைத் தட்டில் கொட்டிய பிறகு அதை எடுத்துப் பிரித்துவைத்திருந்தார். ஏதோ ஒரு சீமையில் பல தேசத்துப் பெண்களைக் கூட்டி அழகுப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவள் தலையில் கிரீடமும் உடம்பில் குளிக்கிற உடுப்புமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். யுத்தம் முடிந்தும் நமக்கு இன்னும் கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற துணிதான். அந்த அம்மாள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

எங்கள் அம்மாவுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. தங்கை வாசல் நிலை இடிக்கிற உயரம். முன்னால் பார்த்துப்போன இரண்டு இடத்திலும், “நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் ஒரே நுகத்துல பூட்டவா?” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இந்த மாப்பிள்ளையோ அந்த இரண்டு மாப்பிள்ளைகளையும்விடக் கட்டை. அதனால், “காப்பி குடுத்ததும் உக்காந்துரு, எந்திரிச்சிராத,” என்று அம்மா அவளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த அம்மாள் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். “இங்க பாருங்க மதினி. பக்கத்துல புருஷன் இவ தோளுக்குத்தான் நிக்காரு. எம்புட்டுச் சந்தோசமாச் சிரிக்காரு பாருங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம். நான் சேவைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டேன். தங்கைதான் அடங்கவில்லை. எழுந்து வந்து, படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, “அவரு புருஷன் இல்ல அத்தை. பரிசுக் கோப்பை குடுக்க வந்த பெரிய மனுசராம்,” என்றாள்.

தங்கை முழு உயரமும் தெரிய நின்றாள்.

அந்த அம்மாள் அவளை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். “யாரா இருந்தா என்ன தாயி? இவ பக்கத்துல நிக்க அவரு கூச்சப்படலயே. எம்மகனும் படமாட்டான். அவனுக்கு எட்டாத பரண்ல இருந்து மொளகாச் சாக்க நீ எறக்கித் தருவியா?”

“அவுக பரண்மேல ஏறி உக்காந்திருந்தா, அவுகளையும் சேத்து எறக்கிருவேன் அத்தை.”

முதலில் சிரித்தது எங்கள் அம்மாதான்.

எங்கள் பக்கம் பெண்ணைப் பிடித்துவிட்டால் தலையில் பூ வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்த அம்மாள் பூப்பொட்டலத்தை அவிழ்த்தார். தங்கை தலையைத் தாழ்த்தினாள்.

“குனியாத தாயி,” என்று தடுத்தவர், மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்து ஏறி நின்று பூ வைத்தார்.