இரவல் பட்டில் வாழைக்கறை

எழுபதுகளில் கம்பத்தில் அக்கா மகளுக்குச் சடங்கு. நாத்தனாரின் பட்டுச் சேலையை இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். சீர் வாழைத்தாரைத் தூக்கும்போது பால் ஒழுகி முந்தானையெல்லாம் கறையாகிவிட்டது.

தேனியில் டிரை கிளீனிங் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "போயிரும், குடுத்துட்டுப் போங்க" என்றார்களே தவிர, எப்படிப் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கால் கடுத்தது.

கடைசிக் கடையில் முதலாளியின் மனைவி இருந்தார். கறையைப் பார்த்ததும் தன் சேலை முந்தானையை விரித்துக் காட்டினார். அதே பழுப்புக் கறை.

"எங்க வீட்டுக்காரக என்னென்னமோ போட்டுப் பாத்தாக. போகல ஆத்தா. யார்கிட்டயும் குடுத்துராத, பட்டு நைஞ்சிரும்."

அந்த அம்மா சொன்னதைச் சொல்லி, கறையோடுதான் திருப்பிக் கொடுத்தேன். நாத்தனார் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வேறொரு பட்டுச் சேலையைச் சலவைக்குப் போடச் சொல்லி நீட்டினார்.

"போகாதுன்னு சொன்னாகளே, அந்தக் கடையிலயே குடு."

அன்றைய கால்வலி அப்போதுதான் இறங்கியது.