கம்ப்யூட்டரில் ஏறாத சிவப்பு நூல்

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் குன்னூர்ப் பக்கம் சொந்தத் தேயிலைத் தோட்டமும், இலை ஏற்ற ஒரு வேனும் என் கையால் சம்பாதித்தவன். யாரும் தூக்கிவிடவில்லை. அந்தத் தேயிலைதான் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் காடாய் வளர்ந்து நின்றது. வேனுக்கும் ஓட்டமில்லை. என் சம்சாரம் முன்பு இலை பறித்த எஸ்டேட்டில் ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள்.

அங்கே நர்சம்மாவுக்கு ஒரு பழக்கம். ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களின் ஆஸ்பத்திரி அட்டை மூலையில், ஸ்வெட்டர் பின்னுகிற சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவிடும். என் சம்சாரம் அட்டையிலும் அது உண்டு. பென்சிலின் போட்டு மூச்சடைத்துப் பிழைத்தவள்.

மூடியபோது அட்டைகளை டவுன் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எழுத்து ஏறியது. நூல் ஏறவில்லை.

மழையில் அவளுக்குக் காலில் புண், காய்ச்சல். டாக்டர் எழுதிய சீட்டோடு ஊசி ரூமுக்குப் போனோம். "என்ன ஊசிம்மா?" என்றேன். பென்சிலின் என்றதும் நர்ஸ் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஏனுங்க, பொம்பளப் புள்ள கைய விடுங்க!" என்கிறாள் இவள், அந்தக் காய்ச்சலிலும்.

நர்ஸ் கம்ப்யூட்டரில் கீழே கீழே தள்ளிப் பார்த்தது. பென்சிலின் ஆகாது என்பது இருந்தது. சின்ன வயசில் வந்த அம்மை, எத்தனை பிரசவம், எல்லாம் தாண்டி அதே பொடி எழுத்தில்.

கம்ப்யூட்டர் போட்ட தம்பி வந்த அன்றைக்கு டாக்டர் ரூமில் போய் நின்றேன். "இதைச் சிவப்பா மேல போடுப்பா."

"எல்லாரும் அதத்தானுங்க கேக்கறாங்க. சர்க்கரையும் சிவப்பு, பிரஷரும் சிவப்புன்னா எது கண்ணுல படும்? எது எப்பவும் தெரியணும், எது கேட்டா வந்தா போதும், எது சும்மா உள்ள கெடக்கலாம்னு டாக்டர் குறிச்சுக் குடுத்தா, அப்படியே வெச்சர்றேன்."

நியாயந்தான். நர்சம்மாவும் எல்லா அட்டையிலுமா நூல் கட்டியது? டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்க் குறித்துக் கொடுத்தார். நான் போய் நிற்காவிட்டால் குறித்திருப்பாரா?

தேயிலை விலை இன்னும் ஏறவில்லை. வேனை விற்றாயிற்று, பஸ்ஸில்தான் போகிறோம். போனதும், "அந்தச் சிவப்பைக் காட்டும்மா" என்பேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பும்.

"இவரு பட்டா நெலமாட்டம் வந்து வந்து பாப்பாரு" என்பாள் சம்சாரம்.

சொல்லட்டும். அவள் பேருக்கு மேலே அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூட முடிகிறது.