ஹில்டிங் முத்திரை குத்திய அட்டை

ஸ்வீடனின் சோடர்ஹாம்ன் தபால் நிலையத்தில் என் எதிர் மேஜையில் இருபத்திரண்டு வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர் ஹில்டிங் எக்லோஃப். வேலை முடிந்தால் தபால் வழிச் சதுரங்கம். அட்டைக்கு ஒரு நகர்த்தல். பதில் வரப் பத்து நாள்.

ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தொடக்கத்திலேயே வெட்டுக்குக் கொடுக்கும் பழைய ஆட்டம்தான் அவருடையது. அதில் யாரும் ஆடாத ஏழாவது நகர்த்தல் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை ஆடிப் பெரிய ஆள் ஒருவரை ஜெயித்தால் சங்கப் பத்திரிகையில் ஆட்டம் அச்சாகும். நகர்த்தலுக்கு அவர் பெயரை வைப்பார்கள். அதற்காகவே டென்மார்க் வாத்தியார் விலாட்ஸ் ப்ரூனுடன் மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்தார்.

1968 நவம்பரில் அவர் மனைவி குன்போர்க்கின் பொறுமை தீர்ந்தது. "கிறிஸ்துமஸுக்கு என் அக்கா வர்றா. உங்க சதுரங்கப் பலகை கிடக்கிற அந்த ஜன்னலோர மேஜை எனக்கு வேணும். டிரா கேட்டு முடிச்சுத் தொலை."

ஜெயிக்கும் வழி எதுவும் அவருக்கும் தெரியவில்லை. டிரா கேட்டு அட்டை எழுதித் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை சவரம் செய்கையில் வழி தெரிந்தது. யானையைக் கொடுத்தால் போதும், ப்ரூனின் ராஜா தப்ப முடியாது.

எட்டு மணிக்கு நிலையத்தில் தபால் பையைக் கொட்டினோம். அட்டை மேலேயே கிடந்தது. விஷயத்தைச் சொன்னார்.

"எடுத்துச் சட்டைப்பையில போடுங்க. நான் எதையும் பாக்கல," என்றேன்.

"பெட்டிக்குள்ள விழுந்தா அது ப்ரூனோடது, சிவ்."

"நீங்க எழுதினதுதானே?"

"போன வருஷம் ஒரு பொண்ணு, காதலனுக்குப் போட்ட கடுதாசியைத் திருப்பிக் கேட்டு இங்க நின்னு அழுதாளே. நான்தானே முடியாதுன்னு அனுப்பினேன்."

முத்திரையைக் குத்தினார். சாய்வில்லாமல், தேதி தெளிவாகத் தெரியும்படி.

ப்ரூன் டிராவுக்கு ஒப்புக்கொண்டார். வசந்தத்தில் ஆட்டம் பத்திரிகையில் வந்தது, ப்ரூனின் குறிப்போடு. யானை கொடுக்கும் வழியை அவரும் கண்டுபிடித்திருந்தார். 'ஏழாவது நகர்த்தல் அருமை. ஆடியவருக்குத்தான் அது புரியவில்லை' என்று எழுதியிருந்தார். அப்புறம் எல்லோரும் அதை ப்ரூன் நகர்த்தல் என்றே சொன்னார்கள்.

"மறுத்து எழுதுங்களேன்," என்றேன்.

"என்னன்னு? ஷேவ் பண்றப்போ தெரிஞ்சுதுன்னா?"

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காபிக்குப் போனேன். ஜன்னலோர மேஜையில் துணி விரித்திருந்தார்கள். வேறொன்றும் இல்லை.

"அக்காவும் போய்ச் சேந்துட்டா, யாரு வரப்போறா? காயை எடுத்து வையேன்," என்றார் குன்போர்க்.

"மேஜை உன்னோடது," என்றார் ஹில்டிங். காபிக் கோப்பையைக்கூட அதன்மேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக் குடித்தார்.