மடியில் கட்டிய கல்

யுத்தத்தால் பர்மா அரிசி வராமல் நின்றுபோன காலம். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, பெரம்பலூர்ப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வழியில் சொந்த நிலத்தில் பயிர்வைத்த ஒரு சம்சாரியின் கமலை ஓட்டுகிறவன் சொல்லாமல் ஓடிப்போயிருந்தான். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டு வேளை சோளக்கூழ், மாட்டுக்கொட்டகையில் படுக்கை, கேழ்வரகு அறுக்கும்வரை.

கமலையில் வேலை இதுதான். கிணற்றுக்குள் தோல் சால் தொங்கும். அதன் வடம் உருளை மேல் ஏறி மாடுகளின் நுகத்தடிக்கு வரும். மாடுகள் சரிவில் இறங்க, சால் தண்ணீரோடு மேலே வரும். இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார வேண்டும். அவன் பாரமும் சேர்ந்து இழுக்கும். சால் கொட்டியதும் அவன் குதித்துவிட, மாடுகள் பின்னோக்கி மேலேறும். ஆக, எனக்குக் கூழ் ஊற்றியது என் எடைக்காக. அதுதான் என்னிடம் இல்லை.

“என்னப்பா, காக்கா உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?” என்றார் சம்சாரி. “முன்ன இருந்தவன் உக்காந்தா வடம் முனகும். மாட்டுக்கு நாக்குத் தள்ளுது பாரு. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆளுதான்.”

“கூழு கொஞ்சம் கூட ஊத்துனா எடை வரும்ங்க.”

“உனக்கு எடை வர்றதுக்குள்ள எம் பயிரு காஞ்சிரும்.”

மறுநாள் வரப்பில் கிடந்த ஒரு கல்லைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டேன். சால் விறுவிறுவென்று வந்தது. ஆனால் மாடுகளோடு மேலே நடக்கும்போது கல்லையும் நான்தான் சுமக்க வேண்டும். இடுப்பில் தோல் உரிந்தது. சாணிச் சாம்பலைத் தடவிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் என் இடுப்பைப் பார்த்துவிட்டார்.

“மடியில என்னடா கனம்?”

அவிழ்த்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி! கல்லையே வடத்துல கட்டிட்டா, உனக்கு ஊத்துற கூழு மிச்சமாச்சே!”

“கல்லு எறங்கி நடக்காதுங்க.”

சரிவைத் திரும்பிப் பார்த்தார். மாடு மேலேறும்போது வடத்தில் கல் கிடந்தால் அதையும் இழுக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. “சரி, இரு” என்று போய்விட்டார்.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். சயின்ஸ் வகுப்பில் கேட்டதில் ஒன்றுதான் நினைவில் இருந்தது. நிலா பூமியைப் பார்த்து விழுந்துகொண்டே இருக்கிறது. விழும்போதே பக்கவாட்டிலும் ஓடுவதால் தரை அதற்கு எட்டுவதே இல்லை என்றார் சார். அப்படியானால் நிலாவில் உட்கார்ந்திருப்பவன் எப்படிப் பிடித்துக்கொள்வான் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. “கூடவே விழுறவனுக்குப் பாரம் தெரியாதுடா” என்றார். என்ன சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை.

வடம் நைந்திருந்தது இருவருக்கும் தெரியும். புது வடம் அறுப்புக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார். கதிர் பால் பிடித்திருந்த ஒரு காலையில், சால் பாதிக் கிணறு ஏறியிருந்தபோது, எனக்குப் பின்னால் வடம் அறுந்தது.

விழுந்தது இடுப்பு உயரம்தான். கண் இமைக்கும் நேரம். அதற்குள் மடியில் கல் இல்லை. கல் அங்கேயேதான் இருந்தது, என்னோடு விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அழுத்தவில்லை. புண்ணில் உரசவில்லை. எனக்கும் கனம் இல்லை. சார் சொன்னது இதுதான் என்று தோன்றியது. பிறகு தரை வந்தது. கல் முழங்காலில் இறங்கியது.

சம்சாரி ஓடிவந்தார். முதலில் மாடுகளின் முட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் எட்டி, விழுந்த தோல் சாலைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“காலை ஊனு பாப்போம்.”

ஊன்ற முடியவில்லை.

அவர் திட்டவில்லை. அன்று கூழ் நிறையவே ஊற்றினார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் குந்தியிருந்தார்.

“நான் என்ன பண்ணுவேன், சொல்லு. தண்ணி பாயாட்டி கதிரு மணி புடிக்காம சாவியாப் போயிடும்.”

“ஒண்ணும் பண்ண வேணாங்க. போயிட்டு வரேன்.”

அரியலூருக்கு வைக்கோல் ஏற்றிப் போன ஒரு வண்டியை நிறுத்தி, அவரே என்னைத் தூக்கி மேலே விட்டார். கல் கமலைச் சரிவிலேயே கிடந்தது. துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இருக்கியாப்பா? ஆள் ஏறுனதே மாட்டுக்குத் தெரியலயே.”

இருக்கிறேன் என்றேன்.