ஸ்னாப்புக்கு முன்னால் இரண்டடி

1. எடுக்கச் சொன்ன பெயர்

"கேலப் பேரை போர்டுலேர்ந்து எடுத்துடுங்க. கால்ல வேகமே இல்ல," என்றார் ரிக், எங்கள் ஸ்கௌட்டிங் டைரக்டர். அவர் பேசியது இங்கிலீஷ்தான். அந்தச் சலிப்பு எனக்கு எப்போதும் தமிழில்தான் கேட்கும்.

நான் அப்போது சான் ஹோசே பக்கம், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றில் சீனியர் ஸ்கௌட். கல்லூரியில் ஆடும் பையன்களின் வீடியோவைப் பார்த்து, டிராஃப்டில் யாரை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். தேறுகிறவர்களின் பெயர் எழுதிய காந்தங்கள் ஆபீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். டிராஃப்ட் என்றால், தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக, தங்கள் முறை வரும்போது ஒரு புது ஆளைத் தேர்ந்தெடுப்பது. டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோது ஹைஸ்கூல் மேட்ச் பார்த்துப் பிடித்த பைத்தியம், கடைசியில் எனக்குச் சோறு போட்டது.

கேலப், டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியின் லைன்பேக்கர். எதிரணி பந்தை எந்தப் பக்கம் கொண்டு போகிறது என்று பார்த்து, பாய்ந்து மடக்க வேண்டிய ஆள். ஓட்டப் பரிசோதனையில் ரொம்பச் சுமார். ஆனால் எந்த வீடியோவைப் போட்டாலும் பந்து போகிற இடத்தில் அவன்தான் முதலில் நிற்கிறான். மெதுவாக ஓடுகிறவன் எப்படி முதலில் போய்ச் சேருவான்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2. வெட்டாத வீடியோ

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம். நேரத்தை மிச்சம் பிடிக்க, ஸ்னாப்பிலிருந்துதான், அதாவது ஒவ்வொரு தடவையும் பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் நொடியிலிருந்துதான், வீடியோவை வெட்டிக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் எல்லாரும் சும்மா நிற்கிறார்கள் என்ற நினைப்பு. நான் அந்தக் கல்லூரியிடம் கேட்டு வெட்டாத வீடியோவை வாங்கினேன். புள்ளிவிவரம் பார்க்கும் மதுரைக்காரர் கார்த்திக்கையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

கேலப் சும்மா நிற்கவில்லை. எதிரணி நிற்கிற விதத்தைப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் தன் அணி ஆளை இடுப்பில் கைவைத்துத் தள்ளி நிறுத்துகிறான். தானும் இரண்டடி நகர்கிறான். அப்புறம்தான் ஸ்னாப். பந்து நேராக அங்கேயே வருகிறது.

"இதுல என்னக்கா இருக்கு? கோச் வெளிய நின்னு சிக்னல் குடுத்திருப்பாரு," என்றார் கார்த்திக்.

"அப்ப கோச்சையும் சேத்துப் பாப்போம்."

பார்த்தோம். ஒரு ஆட்டத்தில் கோச், வலது பக்கம் போ என்று கோட்டுக்கு வெளியே நின்று கையை வீசுகிறார். கேலப் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு இடது பக்கமே நிற்கிறான். பந்து இடது பக்கம்தான் வந்தது. வந்தவனை அங்கேயே அமுக்கிவிட்டான்.

கார்த்திக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாருக்கா இவன்? இன்னொரு தடவ போடுங்க."

நான் மறுபடி போட்டேன். இவனை விட்டால் இந்த வேலையில் நான் இருந்து பிரயோஜனமில்லை என்று தோன்றியது.

3. ரிக் நீட்டிய விரல்

மறுநாள் மீட்டிங்கில் அதே வீடியோவை ஸ்னாப்புக்கு முன் நிறுத்தினேன். "பந்து எந்தப் பக்கம் போகும், சொல்லுங்க," என்று ரிக்கையே கேட்டேன். வலது பக்கம் விரலை நீட்டினார். ஓட விட்டேன். பந்து இடது பக்கம் போனது. கேலப் அங்கே நின்றிருந்தான். ரிக் எழுந்து, கழற்றி வைத்திருந்த கேலப்பின் பெயர்க் காந்தத்தைத் தானே எடுத்து போர்டில் ஒட்டினார்.

டிராஃப்ட் அன்று ஐந்தாம் சுற்றில் எங்கள் முறை வந்தது. "இப்பவே எடுத்துடலாம், ரிக்," என்றேன்.

"அவசரம் என்ன? சின்ன காலேஜ் பையன். அவனை யாருக்குத் தெரியும்? அடுத்த சுத்துல எடுத்துக்கலாம்," என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த முறைக்கு வேறொருவனை எடுத்தோம்.

ஆறாம் சுற்றில், எங்களுக்கு நேர் முன்னால் இருந்த அணி கேலப்பின் பெயரைச் சொன்னது. டி.வி.யில் அவன் தன் அம்மாவை அப்படியே தூக்கிச் சுற்றினான். கார்த்திக் மேஜையைக் குத்தினார். பொறாமையாக இருந்தாலும் நான் கை தட்டினேன். எங்கோ இன்னொரு ஸ்கௌட்டும் வெட்டாத வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவனுடைய திறமை எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த நொடியிலேயே நகர்ந்துவிடுவதுதான் அது. நாங்கள் ஸ்னாப்புக்காகக் காத்திருந்தோம்.